வித்துராவுக்கு ஒன்பது பேர்

எங்கள் பக்கத்திலிருந்து வித்துராவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் பொன்முடி பார்க்கப் போகிறவர்கள். போகிற வழியில் வித்துரா கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி ஒரு டீ குடிப்பார்கள், அவ்வளவுதான். நாங்கள் பொன்முடி பார்க்கவில்லை. வித்துராவோடு திரும்பிவிட்டோம். அதனால் மூடுபனி, கொண்டை ஊசி வளைவு, தேயிலைச் சரிவு என்று எதிர்பார்த்து இந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். ஒரு கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணி அரையிறுதிக்குப் போகுமா, போகாதா என்ற கேள்வியோடு செய்த பயணம் இது. அணியை அழைத்துக்கொண்டு வெளியூர் போகிற ஆசிரியர் யாராவது இதைப் படித்தால் அவருக்குப் பயன்படலாம்.

2007-ல், துலாமழை என்கிற ஐப்பசி மழை தொடங்கியிருந்த சமயம். நான் நாகர்கோவிலுக்கு அருகே ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். திருவனந்தபுரத்தில் ஒரு விளையாட்டுக் கழகம் கல்லூரிகளுக்குப் போட்டி வைத்திருந்தது. எட்டு அணிகள், இரண்டு பிரிவு. பிரிவுக்கு நான்கு அணி, அதில் முதல் இரண்டு இடம் அரையிறுதிக்கு. தமிழ்நாட்டிலிருந்து எங்கள் அணி மட்டும். பெண்கள் அணி வெளியூர் போனால் கூடவே ஒரு பெண் ஆசிரியர் போகவேண்டும் என்பது கல்லூரி விதி. அந்த வாரம் தேர்வுப் பணி இல்லாத ஒரே ஆள் நான். அதுவரை ஒரு கால்பந்து ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை என்று முதல்வரிடம் சொன்னேன். "பாக்க வேண்டாம் டீச்சர், கூட இருந்தா போதும்" என்றார்.

திங்கட்கிழமை காலை 6.40-க்கு வடசேரியில் பஸ் ஏறினோம். பதினைந்து மாணவிகள், உடற்பயிற்சி ஆசிரியர் தங்கராஜ் சார், நான். திருவனந்தபுரத்தின் தம்பானூர் நிலையம் வரை அறுபத்தாறு கிலோமீட்டர், தலைக்கு இருபத்தேழு ரூபாய். நெய்யாற்றின்கரையில் நெரிசல் இருந்ததால் இரண்டு மணி இருபது நிமிடம் ஆயிற்று. தம்பானூரில் இறங்கி, பந்துப் பைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பழவங்காடி வழியாக நடந்தே கிழக்கேகோட்டை போய்விடலாம். கோட்டைக்குப் பின்னால் ஒரு பள்ளியில் இரண்டு வகுப்பறைகள் எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டால் கட்டில். கரும்பலகையும் சாக்பீஸும் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

செவ்வாய்க்கிழமை முதல் ஆட்டம். திருச்சூர் அணியிடம் மூன்று கோல் வாங்கினோம், ஒன்றும் போடவில்லை. கோல்கீப்பர் சுபா, ஆறடிக்குச் சற்றுக் குறைவான உயரம், ஆட்டம் முடிந்து குளிக்கப் போனவள் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. புதன்கிழமை கொல்லம் அணியை ஒரு கோலில் வென்றோம். இனி ஒரே ஆட்டம் பாக்கி, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. எதிரணி திருவனந்தபுரத்து உள்ளூர்க் கல்லூரி. அவர்கள் ஒன்றில் வென்று ஒன்றில் சமன் செய்திருந்தார்கள். அவர்களுக்கு நான்கு புள்ளி, எங்களுக்கு மூன்று. நாங்கள் வென்றால் அரையிறுதி. சமன் ஆனாலும் வெளியே. கணக்கு அவ்வளவு சுலபம்.

வியாழக்கிழமை காலையில் முதல்வர் தங்கராஜ் சாரைக் கூப்பிட்டார். ஆண்கள் அணி மதுரைக்குப் போகவேண்டுமாம், அவர் உடனே வந்தாக வேண்டுமாம். சார் தயங்கினார். ஆனால் போய்விட்டார். போகும்போது விசிலை என் கையில் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று மாலை ஐந்து மணிக்குப் போட்டிக் குழுவின் செயலாளர் வகுப்பறைக்கு வந்தார். நல்ல மனிதர்தான். தினமும் வந்து தண்ணீர் வருகிறதா என்று கேட்பார்.

"டீச்சரே, நாளைக்கு உங்க களி இவிடெ இல்லை கேட்டோ. கிரவுண்டுல ஒரு சம்மேளனம், பந்தல் போடறாங்க. உங்க களிய வித்துராவுக்கு மாத்தியாச்சு. அதே மூணு மணி."

"வித்துரா எங்கே சார் இருக்கு?"

"முப்பத்தெட்டு கிலோமீட்டர். பஸ் உண்டல்லோ. ஒண்ணரை மணிக்கூர்."

"எதிர் டீம் எப்படிப் போறாங்க?"

"அவங்களுக்குக் காலேஜ் பஸ் உண்டு. அதுல இடம் இல்லை, நான் கேட்டேன்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, உதவி செய்கிற மாதிரி சொன்னார்: "சிரமமா இருந்தா விட்டிருங்க டீச்சரே. எப்படியானாலும் நாளைக்கு ஊருக்குத் திரும்பற டீம்தானே. சர்ட்டிஃபிகேட் நான் இங்கேயே தந்திடறேன்."

பெண்கள் எல்லோரும் கேட்டிருந்தார்கள். கேப்டன் ஷைனி தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி, சின்ன உருவம், பி.ஏ. இரண்டாம் ஆண்டு. அவள் பூட்ஸிலிருந்து சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்: "சாரே, சர்ட்டிஃபிகேட்ல என்ன எழுதியிருக்கும்? வந்தாங்க, போனாங்கன்னா?"

செயலாளர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவர் போனதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "மிஸ், நமக்கு சான்ஸ் எவ்வளவு இருக்கு? கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

என் பாடம் அது. கரும்பலகைக்குப் போனேன். அந்த வருடம் அவர்கள் ஆடிய ஆட்டங்கள், எதிரணியின் இரண்டு ஆட்டங்கள், போட்ட கோல், வாங்கிய கோல். இவ்வளவு குறைந்த தகவலை வைத்து இப்படிக் கணக்குப் போடக்கூடாது என்று என் மாணவர்களிடம் நானே சொல்வேன். இருந்தும் போட்டேன். நான்கில் ஒரு பங்கு வந்தது. பொய் சொல்ல மனமில்லாமல் அப்படியே எழுதினேன்.

"நாலுல ஒண்ணா?" என்றாள் ஷைனி. "அது நிறைய மிஸ். எங்க அப்பா அதவிடக் குறைச்சலுக்கெல்லாம் கடலுக்குப் போயிருக்கு."

வெள்ளிக்கிழமை காலை பழவங்காடியில் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டோம். பரிமாறுகிற அண்ணன் வள்ளியூர்க்காரர். நாங்கள் ஊருக்குக் கிளம்புவதாக அவரும் கேள்விப்பட்டிருந்தார். "பஸ்ஸுல சாப்பிடப் பொட்டலம் கட்டட்டாக்கா?" என்றார். பொட்டலம் வேண்டும், ஆனால் ஊருக்கு இல்லை, வித்துராவுக்கு என்றேன். பதினாறு எலுமிச்சை சாதம் கட்டித் தந்தார். மலைப்பக்கம் போகிறவர்களுக்கு என் முதல் யோசனை இதுதான்: பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கிழக்கேகோட்டையில் 11.25-க்கு வித்துரா பஸ் கிடைத்தது. நெடுமங்காடு வரை பதினெட்டு கிலோமீட்டர், அங்கிருந்து இருபது. ஒரு மணிக்கே போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, கொஞ்சம் ஓடிப் பழகிக்கொள்ளலாம் என்று திட்டம். பேரூர்க்கடை தாண்டியதும் சாலை ஏறி இறங்கத் தொடங்குகிறது, இரண்டு பக்கமும் ரப்பர். மழை விட்டுவிட்டுப் பெய்தது. பின்சீட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

12.20-க்கு நெடுமங்காடு நிலையத்துக்குள் பஸ் நுழைந்தது. டிரைவர் இறங்கினார், கண்டக்டர் இறங்கினார், இருவரும் திரும்பி வரவில்லை. கால்மணி நேரம் கழித்து விசாரித்தேன். காலையில் எங்கோ ஒரு கண்டக்டரை யாரோ அடித்துவிட்டார்களாம். மின்னல் வேலைநிறுத்தம், முன்னறிவிப்பே இல்லாமல். நிலையத்தில் இருந்த வண்டி எதுவும் நகராது. எப்போது எடுப்பார்கள் என்று கேட்டதற்கு, தூணில் சாய்ந்து நின்ற ஒருவர், "சாயங்காலம் ஆகும். இல்லைன்னா நாளைக்கு" என்றார், அவருக்கு எங்கேயும் போகவேண்டியதில்லாத நிதானத்தோடு.

ஆட்டோ நிறுத்தத்துக்கு ஓடினோம். எங்களுக்கு ஐந்து ஆட்டோ வேண்டும். பஸ் இல்லாததால் ஊரே ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தது. நின்ற ஒரே ஒரு ஆட்டோக்காரரும் மழையில் அந்த ஏற்றத்துக்கு வரமாட்டேன் என்றார். ஒரு மணி. ஒன்றரை மணி. பெண்கள் நின்றபடியே சாதத்தைச் சாப்பிட்டார்கள். மூன்று மணிக்கு மைதானத்தில் இல்லாவிட்டால் எதிரணி ஆடாமலே வென்றதாக எழுதிவிடுவார்கள்.

1.45-க்கு முதல்வரின் அழைப்பு. என் கைபேசியில் பேசினால் பக்கத்தில் நாலு பேருக்குக் கேட்கும். பெண்கள் விலகி நிற்கவும் இல்லை.

"பஸ்ஸே ஓடலைங்கறீங்க. பிறகென்ன டீச்சர்? திரும்பி வந்துருங்க."

"இன்னும் ஒரு மேட்ச் இருக்கு சார். ஜெயிச்சா செமி ஃபைனல்."

"யாரு, இவங்களா? மூணு கோல் வாங்கினவங்கதானே. பொம்பளப் பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு மலையில கெடந்து அலையாதீங்க. உங்க பொறுப்புல ஏதாவது ஆச்சுன்னா நான் பதில் சொல்ல முடியாது."

திரும்புவதற்கும் பஸ் கிடையாது என்பது அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் அந்தக் கணத்தில் தோன்றவில்லை. சுபாவைப் பார்த்தேன். அவள் வலது கையின் இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டிருந்தாள், பல்லால் கடித்து, மும்முரமாக, நான் என்ன பதில் சொல்வேன் என்பது முடிவாகிவிட்ட மாதிரி. பதினொரு வருட வேலையில் ஒரு முதல்வருக்கும் நான் மறுத்துப் பேசியதில்லை.

"ஆடிட்டு வர்றோம் சார்" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தேன். பிறகு கைபேசியையே அணைத்துவிட்டேன்.

அதன் பிறகு சாலைக்கு நடுவில் இறங்கி நின்றுதான் வண்டி மறித்தோம். விசில் அப்போது பயன்பட்டது. 2.10-க்கு ஒரு பழைய ஜீப் நின்றது. போணக்காடு எஸ்டேட்டுக்கு மருந்துப் பெட்டி ஏற்றிப் போகிற வண்டி. ஓட்டுநர் செல்லையா எஸ்டேட்டிலேயே பிறந்த தமிழர், ஐம்பது வயது இருக்கும். பக்கத்தில் எஸ்டேட் மருத்துவமனையின் நர்ஸ் சாந்தம்மா. வித்துரா வழியாகத்தான் அவர்கள் போகவேண்டும். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் செல்லையா பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஒம்பது பேரு கேறலாம் டீச்சரே. அதுக்கு மேல ஒரு ஆளு கேறினாலும் சுள்ளிமானூர் ஏத்தத்துல வண்டி மூச்சு விட்டுரும்."

ஒன்பது பேர். நாங்கள் பதினாறு பேர்.

"ஒன்பது பேர வெச்சு ஆட்டம் ஆரம்பிக்க முடியுமா?" என்று ஷைனியிடம் கேட்டேன்.

"ஏழு பேரு இருந்தாலே களி தொடங்கலாம் மிஸ். பேரு லிஸ்ட்ல இருந்தா மத்தவங்க வரவர எறங்கிக்கலாம்."

மனதுக்குள் நான் சிறந்த ஒன்பது பேரை வரிசைப்படுத்தத் தொடங்கினேன். முதலில் பீனா, அடுத்து ராணி. இருவரும் ஃபார்வர்ட், கொல்லத்துக்கு எதிரான கோல் பீனா போட்டது. பீனா ஜீப் படியில் ஒரு காலை வைத்தும்விட்டாள். ஷைனி அவள் தோளைப் பிடித்து இறக்கினாள்.

"நீ வேண்டாம். ராணியும் வேண்டாம். கோல் போடறவங்க பொறத்தால வந்தா போதும். மொதல்ல கோல் வாங்காம நிக்கணும், அதுக்கு ஆள் வேணும்."

பீனாவுக்குக் கண் சிவந்துவிட்டது. "ஒங்களால நான் இல்லாம நிக்க முடியுமாட்டி?"

"நீ வர்ற வரைக்கும் நிப்போம். சீக்கிரம் வா."

அடுத்த முடிவு என்னுடையது. யாரோடு நான் போவது? விண்ணப்பத் தாளும் அடையாள அட்டைகளும் மைதானத்துக்குப் போயாக வேண்டும். ஆறு பெண்களைத் தெரியாத ஊர் பஸ் நிலையத்தில் தனியாக விடவும் முடியாது. சாந்தம்மா வண்டியிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்தார். "நான் நர்ஸாணு டீச்சரே. பிள்ளைங்கள கிரவுண்டுல சேத்துட்டு, நீங்க வர்ற வரைக்கும் அங்கேயே நிக்கறேன். எனக்கும் ரெண்டு பெண்ணு உண்டு." தாள் உறையை ஷைனியிடம் கொடுத்தேன். இன்றுவரை அந்த முடிவு சரியா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஜீப் 2.20-க்குக் கிளம்பியது. பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்பது மஞ்சள் ஜெர்சிகள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மீதிப் பேருக்கு 2.50-க்கு வண்டி கிடைத்தது. மரச்சீனிக் கிழங்கு இறக்கிவிட்டு, வித்துராவுக்கு முன்னால் உள்ள தொளிக்கோட்டுக்குக் காலியாகத் திரும்பிய சின்ன லாரி. பின்னால் மண்ணும் கிழங்குத் தோலும். ஓட்டுநர் ஐம்பது ரூபாய் கேட்டார், வித்துரா வரை வந்தால் நூறு என்று பேசினோம். மழை வலுத்தது. தார்ப்பாயைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு ஏழு பேரும் உட்கார்ந்திருந்தோம். மூன்று மணியாகும்போது வண்டி சுள்ளிமானூரில் இருந்தது. பீனா என் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இப்ப தொடங்கியிருப்பாங்க மிஸ்." பிறகு, "தொடங்கியிருப்பாங்களா மிஸ்?"

மைதானத்தில் நடந்தது பிறகு எனக்குச் சொல்லப்பட்டது. ஜீப் 3.11-க்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. எதிரணி மைதானத்தில் வரிசையாக நின்றுகொண்டிருந்தது. மேசையில் இருந்தவர் எங்கள் அணி வரவில்லை என்று எழுதத் தொடங்கியிருந்தார். ஷைனி ஜீப் நிற்பதற்கு முன்பே குதித்து ஓடி, தாள் உறையை மேசைமேல் வைத்து, "வந்தாச்சு" என்றிருக்கிறாள். "இது ஒம்பதாளேயுள்ளூ" என்றார் மேசைக்காரர், ஒன்பது பேர்தானே இருக்கிறார்கள் என்று. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். மெலிந்த, வழுக்கை விழுந்த மனிதர். "பதினஞ்சு மினிட் டைம் உண்டு. இனி நாலு மினிட் பாக்கி. பூட்ஸ் கெட்டிக்கோ மோளே" என்றாராம். அவர் பெயர் எனக்குத் தெரியாது. எங்களுடைய அந்த நாலு நிமிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர் அவர்.

நாங்கள் வித்துரா கடைத்தெருவைத் தாண்டும்போது 3.44. மைதானம் கண்ணில் படுவதற்கு முன்பே சத்தம் கேட்டது. பெரிய கூச்சல். அது யாருக்கான கூச்சல் என்று தெரியாமல் லாரியில் எழுந்து நின்றோம். வளைவு திரும்பியதும் பார்த்தோம். சுபா கோல் கம்பத்தில் கை வைத்துக் குனிந்து நின்றாள். பந்து வலைக்குள் கிடந்தது. இருபத்தொன்பது நிமிடம் ஒன்பது பேராக நின்று, கார்னரிலிருந்து வந்த பந்தில் அப்போதுதான் கோல் வாங்கியிருந்தார்கள்.

ஆனால் ஒரு விஷயம் எனக்குப் பிடிபட இரண்டு நிமிடம் ஆயிற்று. கோல் போட்ட அணிக்குக் கூட்டம் கைதட்டவில்லை. மைதானத்தைச் சுற்றி இருநூறு பேர் இருப்பார்கள், கடைக்காரர்கள், டாக்ஸி ஓட்டுநர்கள், பள்ளி விட்டு வந்தவர்கள், எல்லோரும் சுபாவைப் பார்த்து, "சாரமில்லா, சாரமில்லா" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். போனால் போகட்டும் என்று. உள்ளூர் மாவட்டத்து அணியை விட்டுவிட்டு ஒன்பது பேர் அணிக்கு மாறியிருந்தது ஊர்.

பீனாவும் ராணியும் லாரியின் பக்கப்பலகையைத் தாண்டிக் குதித்தார்கள். நடுவர் அடையாள அட்டையைப் பார்த்துத் தலையசைத்தார். ஷைனி ஓடிக்கொண்டே பீனாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "நாங்க நின்னோம். இனி நீ பாரு."

இடைவேளையில் அந்த ஒன்பது பேரும் சேற்றில் மல்லாந்து கிடந்தார்கள். சாந்தம்மா ஒவ்வொருத்தி காலாகப் பிடித்து நீவிவிட்டுக்கொண்டிருந்தார். சுபாவின் அருகில் போய் உட்கார்ந்தேன். கால்பந்து பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் தெரியாது. "விரல் வலிக்குதா?" என்றேன். "வலிக்கத்தான் செய்யுது மிஸ். பந்து வர்ற நேரம் மறந்து போகுது" என்றாள்.

இரண்டாம் பாதியில், எங்களுடைய இரண்டு பேர் மட்டும் களைப்பில்லாத கால்களோடு ஓடினார்கள். அரைமணி நேரம் ஒன்பது பேரை முட்டி முட்டிப் பார்த்த களைப்பு எதிரணியிடம் தெரிந்தது. பத்தாவது நிமிடம் ராணி வலது ஓரத்திலிருந்து அடித்த பந்தைப் பீனா ஓடிவந்து வலைக்குள் அனுப்பினாள். ஒன்றுக்கு ஒன்று. ஜீப்பிலிருந்து செல்லையா ஹாரனை அழுத்தினார், கையை எடுக்கவே இல்லை.

சமன் போதாது. என்னைச் சுற்றி நின்றவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. "இனியும் ஒண்ணு வேணம்" என்று ஒரு பெரியவர் எனக்கே விளக்கினார். மழை. பந்து உருள மறுத்தது, அடித்த இடத்திலேயே நின்றது. ஐந்து நிமிடம் இருக்கும்போது எங்களுக்கு ஒரு கார்னர். ஷைனி அடித்தாள். நான்கைந்து பேர் எழும்பினார்கள், யாருக்கும் படவில்லை, பந்து சேற்றில் விழுந்து ஒரு பெண்ணின் முதுகில் பட்டு, இன்னொருத்தி காலில் பட்டு, ராணியின் முழங்காலில் மோதி, மெதுவாக, நாணப்பட்டுக்கொண்டு போகிற மாதிரி கோட்டைத் தாண்டியது. அவ்வளவு அசிங்கமான கோலை அதற்குப் பிறகும் நான் பார்த்ததில்லை. ராணியே நம்பாமல் நடுவரைப் பார்த்தாள். அவர் விசில் ஊதினார்.

கடைசி ஐந்து நிமிடத்தை நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. சாந்தம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். கூட்டம் ஒருமுறை மூச்சை இழுத்தது, நிமிர்ந்தேன். சுபா முழு நீளத்துக்குப் பாய்ந்து பந்தை நெஞ்சோடு அணைத்துச் சேற்றில் கிடந்தாள். எழுந்திருக்கச் சொல்லியும் அவள் எழுந்திருக்கவில்லை. அப்படியே கிடக்கும்போது ஆட்டம் முடிந்தது.

செல்லையாவுக்கும் சாந்தம்மாவுக்கும் டீ வாங்கிக் கொடுத்தோம். மருந்துப் பெட்டி நாலு மணிக்கே எஸ்டேட்டில் இருந்திருக்க வேண்டும். "என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டேன். "வண்டி சூடாயிருச்சுன்னு சொல்லலாம் டீச்சரே" என்றார். ஒரு வாய் குடித்துவிட்டு, "எதுக்கு? உள்ளதையே சொல்றேன். என்ன செஞ்சிருவாங்க?" என்றார். ஜீப் போணக்காட்டுப் பாதையில் திரும்பும் வரை பெண்கள் கையசைத்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பப் பஸ் இன்னும் ஓடவில்லை. எதிரணியின் கல்லூரி பஸ் எங்கள் முன்னால் வந்து நின்றது. அவர்களுடைய ஆசிரியை தலையை வெளியே நீட்டி, "கேறிக்கோ. நின்னு போகலாம்" என்றார். வரும்போது இடமில்லாத பஸ்ஸில் போகும்போது பதினாறு பேருக்கு இடம் இருந்தது. முதல் அரைமணி நேரம் யாரும் யாரையும் பார்க்கவில்லை. நெடுமங்காடு தாண்டியதும் அவர்களுடைய கோல்கீப்பர் சுபாவின் விரலைக் காட்டி ஏதோ கேட்டாள். பிறகு கோட்டை வந்து சேரும் வரை இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. கோட்டயத்து அணியிடம் இரண்டு கோலில் தோற்றோம். அவர்கள் எங்களைவிட நல்ல அணி. அதில் எனக்கு வருத்தம் இல்லை, பெண்களுக்குத்தான் இருந்தது. ஊர் போகும் பஸ்ஸில் களியக்காவிளை வரை அந்த இரண்டாவது கோலைப் பற்றியே சண்டை போட்டார்கள். வெள்ளிக்கிழமையே அவர்களை வீட்டுக்கு அனுப்பப் பார்த்த திருவனந்தபுரம், ஞாயிற்றுக்கிழமை தோல்விக்குக் காரணம் தேடுகிற அணியாக அவர்களைத் திருப்பி அனுப்பியது.

இனி, போகிறவர்களுக்காகச் சில வார்த்தை. கிழக்கேகோட்டையிலிருந்து வித்துராவுக்கு நேர் பஸ் உண்டு, ஆனால் மதியத்துக்கு மேல் உள்ள வேலைக்குக் காலை எட்டு மணிக்கே கிளம்பிவிடுங்கள். 11.25 பஸ்ஸைத் தேர்ந்தெடுத்தது என் தவறு. மழைக்காலமானால் கம்பளியைவிட மாற்று உடை முக்கியம், சேறு போகவே போகாது. வித்துரா கடைத்தெருவில் புட்டும் கடலையும் சூடாகக் கிடைக்கிறது, பதினைந்து ரூபாய்க்கு வயிறு நிறையும். பொன்முடி இன்னும் இருபத்து மூன்று கிலோமீட்டர், அழகாக இருக்கும் என்று சொல்கிறார்கள். அணியோடு போகிறவர்கள் போட்டி விதித்தாளின் ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் இருந்தால் தொடங்கலாம், எத்தனை நிமிடம் காத்திருப்பார்கள் என்பது கேப்டனுக்கு மட்டும் இல்லாமல் உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும். வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போடுவதில் தப்பில்லை. அந்தக் கணக்கைக் காட்டி யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

திங்கட்கிழமை காலை கல்லூரியில் என் மேசைமேல் ஒரு கடிதம் இருந்தது. முதல்வரின் உத்தரவை மீறி மாணவிகளை ஆபத்தான முறையில் மலைப்பகுதிக்கு அழைத்துச் சென்றதற்கு மூன்று நாட்களுக்குள் எழுத்தில் விளக்கம் தரவேண்டும். மூன்று நாள் தேவைப்படவில்லை. ஒரு வெள்ளைத் தாள் எடுத்து எழுதினேன்: "ஒரு ஆட்டம் பாக்கி இருந்தது. ஆடி முடித்துவிட்டு வந்தோம்." கையெழுத்துப் போட்டு, முதல்வர் அறையில் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பத்து மணி வகுப்புக்குப் போனேன்.